பழைய காரின் ஏசியை மீட்டெடுப்போம்: ஆர்-12இலிருந்து ஆர்-134ஏவுக்கு மாற முழுமையான வழிகாட்டி

நல்ல நிலையில் ஒரு கான்டஸா கிளாசிக் கிடைத்துவிட்டது. இன்ஜின் சீராக ஓடுகிறது, பெயின்ட் பளபளக்கிறது. டேஷ்போர்டில் ஏசி சுவிட்சும் இருக்கிறது. தட்டினால் காற்று வருகிறது, சித்திரை மாதத் தார்ச்சாலையின் சூட்டோடு. விற்றவர், "கேஸ் அடிச்சா போதும் சார், ஜில்லுனு ஆயிடும்" என்று சொல்லியிருப்பார். 1980களிலும் 90களின் முற்பகுதியிலும் வந்த கான்டஸா, பிரீமியர் 118 என்இ, மாருதி 800 என எதை வாங்கினாலும் இந்த வாக்கியம் காரோடு சேர்ந்தே வரும்.

அதை நம்பாமல் தொடங்குவோம். கார் ஏசி ஒரு மூடிய சுற்று. கேஸ் அதற்குள் சுற்றிச் சுற்றி வருமே தவிர, பெட்ரோல் போல எரிந்து தீராது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கேஸ் அடிப்பது இந்த வேலையின் கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய வேலைகளை வரிசை மாறாமல் செய்தால், முப்பது வயதுக் காரும் மே மாத மத்தியானத்தில் நம்மைக் குளிர வைக்கும். வாருங்கள், பானட்டைத் திறப்போம்.

எதிலிருந்து எதற்கு மாறுகிறோம்?

இந்தக் கார்களில் முதலில் இருந்தது ஆர்-12. அதில் குளோரின் இருக்கிறது. அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்த பிறகு 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. வளர்ந்த நாடுகள் 1996 தொடக்கத்தில் உற்பத்தியை நிறுத்தின. இந்தியா போன்ற நாடுகளுக்கு 2010 வரை அவகாசம் இருந்தது. ஆகவே இன்று யாராவது ஆர்-12 என்று ஒரு சிலிண்டரை நீட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நாம் போகப்போவது ஆர்-134ஏ. குளோரின் இல்லாதது, எந்த ஊரிலும் கிடைப்பது, எல்லா ஏசி மெக்கானிக்குக்கும் பழக்கமானது. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றதை அப்படியே நிரப்ப முடியாது.

முதல் காரணம் ஆயில். ஆர்-12 ஏசியில் இருப்பது மினரல் ஆயில். ஆர்-134ஏ அதோடு கலக்காது. கலக்காவிட்டால் ஆயில் ஏதாவது ஒரு மூலையில் தேங்கிவிடும். கம்ப்ரஸர் ஆயில் இல்லாமல் ஓடி இறுகிப்போகும். இரண்டாவது, கசிவு. ஆர்-134ஏவின் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே மெல்ல வெளியேறும். மூன்றாவது, அழுத்தம். கண்டென்சர் 60 டிகிரியில் இருக்கும்போது ஆர்-12இன் அழுத்தம் சுமார் 207 பி.எஸ்.ஐ., ஆர்-134ஏவுக்குச் சுமார் 229. பத்து சதவீதம் கூடுதல். நெடுஞ்சாலையில் இது தெரியாது. சிக்னலில் நிற்கும்போதுதான் தெரியும்.

பாகங்களை அறிந்துகொள்வோம்

பெல்ட்டில் சுழலும் கம்ப்ரஸர் வாயுவை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் அந்தச் சூட்டை வெளியே விடுகிறது, வாயு திரவமாகிறது. திரவம் டிரையர் பாட்டில் வழியாகப் போகும்போது அதிலுள்ள ஈரம் உறிஞ்சப்படுகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளையில் அழுத்தம் சட்டென்று குறைய, டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள கூலிங் காயிலில் திரவம் கொதித்து மறுபடி வாயுவாகிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை அது காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதுதான் நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி.

கண்டென்சர் பக்கம் ஹை சைடு, கூலிங் காயில் பக்கம் லோ சைடு. இந்த இரண்டு சொல்லும் கடைசிவரை நம்மோடு வரும்.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்பேனரை எடுக்கும் முன் அரை நாள் பரிசோதனைக்கு ஒதுக்குவோம். காரை ஓட்டாமல் சில மணி நேரம் நிழலில் விட்டு, கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே கேஸ் இருந்தால் இரண்டு முள்ளும் 93 முதல் 97 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும். ஆனால் அதை வைத்து அளவைச் சொல்ல முடியாது. பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும், உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கிற வரை நின்ற காரில் அதே அழுத்தம்தான். "கேஜ்ல 90 காட்டுது, கேஸ் ஃபுல்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் காரை விடுவதற்கு முன் யோசியுங்கள். முள் பூஜ்யத்தில் கிடந்தால் பெரிய லீக் இருக்கிறது. சுற்றுக்குள் வெளிக்காற்றும் ஈரமும் புகுந்திருக்கிறது.

அடுத்து கம்ப்ரஸர். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச்சின் முன் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீரான எதிர்ப்போடு சுற்றினால் நல்லது. நறநறவென்றாலும், எதிர்ப்பே இல்லாமல் சுழன்றாலும், அசையவே மறுத்தாலும் புதிய கம்ப்ரஸருக்குப் பணம் ஒதுக்குங்கள். 12 வோல்ட் நேரடியாகக் கொடுத்தால் கிளட்ச் 'டக்'கென்று ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் உடனே கம்ப்ரஸரைக் குறை சொல்ல வேண்டாம். பழைய சான்டன் கம்ப்ரஸர்களில் கிளட்ச் இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தேய்ந்து அகன்றிருந்தால் ஷிம் ஒன்றை எடுத்தாலே போதும்.

பிறகு எண்ணெய்க் கறை தேடுவோம். கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும், அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்பாகப் படியும். ஹோஸ் முனைகள், கண்டென்சரின் கீழ் மூலை, கம்ப்ரஸரின் முன்பக்கம் ஆகிய மூன்று இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, இன்ஜின். ஏசி இல்லாமலே டெம்பரேச்சர் முள் ஏறும் காரில் ஏசியைத் தொடாதீர்கள். கண்டென்சர் விடும் சூடு நேராக ரேடியேட்டருக்குத்தான் போகிறது. ரேடியேட்டரைத் தூர்வாரி, மூடியும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிவிட்டுத் திரும்பி வருவோம்.

எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு. திட்டமிட உதவும் தோராயக் கணக்கு இது. ஓ-ரிங் செட், டிரையர், ஆயில், கேஸ் நான்கும் சேர்த்து 3,000 முதல் 5,000 ரூபாய். ஹோஸ்களைப் புதிதாக கிரிம்ப் செய்ய ஒன்றுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி. புதிய கண்டென்சரும் ஃபேனும் 5,000 முதல் 8,000. எக்ஸ்பேன்ஷன் வால்வு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. கூலி 4,000 முதல் 7,000. கூலிங் காயிலுக்காக டேஷ்போர்டை இறக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். கம்ப்ரஸர் நன்றாக இருந்தால் 20,000 ரூபாயை ஒட்டி முடியும். புதிதாக வாங்கினால் மேலும் பத்து பதினைந்தாயிரம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் எதைத் தள்ளிப்போடலாம் என்று கேட்பீர்கள். கண்டென்சரை அடுத்த கோடைக்குத் தள்ளலாம். டிரையர், ஓ-ரிங், ஆயில் மூன்றையும் தள்ளவே கூடாது. சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய பாகங்கள் கிடைக்கும்; பிராக்கெட், புல்லி, புளோயர் மோட்டாரை அங்கே தாராளமாகத் தேடலாம். பழைய டிரையரையும் பழைய ஹோஸையும் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

வேலையைத் தொடங்குவோம்: பழைய கேஸை எடுப்பது

உள்ளே ஆர்-12 மிச்சம் இருந்தால் வால்வை அழுத்திக் காற்றில் விட்டுவிடாதீர்கள். ஓசோனைக் கெடுப்பதோடு, புவியைச் சூடாக்குவதிலும் அது கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வலியது. ரிகவரி மெஷின் வைத்திருக்கும் பட்டறையில் சிலிண்டருக்குள் எடுக்கச் சொல்லுங்கள். அதற்காக இன்னொரு ஊர் போக வேண்டியிருந்தாலும் போகலாம். பக்கத்தில் பீடியோ, வெல்டிங் தீயோ இருக்கக் கூடாது. இந்த வாயு நெருப்பில் பட்டால் நச்சுப் புகையாக மாறும்.

கழுவுவது

கம்ப்ரஸரை இறக்கி, ஆயிலை ஓர் அளவுக் கோப்பையில் வடித்து எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்வோம். நிறத்தையும் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் மகிழ்ச்சி. கறுப்பாகவும் வெள்ளித் தூள் கலந்தும் வந்தால் கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறது. அந்தத் தூள் கண்டென்சர்வரை போயிருக்கும்.

கூலிங் காயில், பழைய கண்டென்சர், உலோகக் குழாய்கள் ஆகியவற்றில் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி நைட்ரஜனால் ஊத வேண்டும். வெளியே வருவது தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்வோம். கம்ப்ரஸர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வு மூன்றுக்குள்ளும் ஃப்ளஷ் போகவே கூடாது.

ஆயிலும் ஓ-ரிங்கும்

ஆர்-134ஏவுக்கு இரண்டு வகை ஆயில் உண்டு: பாக், எஸ்டர். புதிய கார்களில் பாக். நம் மாதிரி மாற்றும் வேலைக்கு நான் எஸ்டரையே பரிந்துரைப்பேன். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மினரல் ஆயில் மிஞ்சியே தீரும். அந்த மிச்சத்தோடும் ஆர்-12 விட்டுப்போன குளோரினோடும் எஸ்டர் ஒத்துப்போகும். கம்ப்ரஸரே புதிது, அதன் நிறுவனம் பாக் என்று எழுதியிருக்கிறது என்றால் அதன்படியே போங்கள். இரண்டு ஆயிலும் ஈரத்தை இழுக்கும். டப்பாவைத் திறந்தால் உடனே ஊற்றி உடனே மூட வேண்டும். போன வருடம் திறந்த டப்பாவில் மிச்சம் இருக்கிறது என்று யாராவது எடுத்து வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஓ-ரிங்குகளை எச்என்பிஆர் வகையாக, ஒன்றுவிடாமல் மாற்றுவோம். பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். நிறத்தை மட்டும் நம்பாமல் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஆயில் தடவி மாட்ட வேண்டும். இணைப்பை முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் முறுக்கினால் அலுமினியக் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

ஹோஸைப் பொறுத்தவரை, பழைய முனைகளை வெட்டி எடுத்து, உள்ளே நைலான் அடுக்கு உள்ள பேரியர் ஹோஸில் பொருத்தி கிரிம்ப் செய்து தரும் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு. பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோங்கள். முனை எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு போனால் திரும்ப அலைய வேண்டாம்.

கண்டென்சரும் ஃபேனும்

ஏசியின் வெற்றியும் தோல்வியும் இங்கேதான் முடிவாகின்றன. பழைய கண்டென்சரில் ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும். புதிய பேரலல் ஃப்ளோ வகையில் பல மெல்லிய தட்டைக் குழாய்களில் கேஸ் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடும். அதே பரப்பில் அதிக வெப்பத்தை வெளியேற்றும். ஆர்-134ஏவின் கூடுதல் அழுத்தத்தை ஈடுகட்ட இதைவிட நல்ல செலவு இல்லை. கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடத்தை அகலம், உயரம், ஆழம் மூன்றும் அளந்துகொண்டு, பொருந்துவதில் மிகப் பெரியதை வாங்குங்கள்.

எலக்ட்ரிக் ஃபேனைக் கண்டென்சருக்கு முன்னால் வைத்தால் அது காற்றைப் பின்பக்கம் தள்ள வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் எதிர்த்திசையில் சுழலும். கார் ஓடும்போது வரும் காற்றோடு மோதிக்கொள்ளும். ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிரில் முன் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுத்தால் சரி. தனி ரிலே, தனி ஃபியூஸ் கட்டாயம்.

பழைய ஏசிகள் பலவற்றில் ஹை பிரஷர் சுவிட்ச் கிடையாது. ஒன்று சேர்த்துவிடுவோம். ஃபேன் ஒருநாள் நின்றுபோனால் ஹோஸ் வெடிக்கும் முன் கம்ப்ரஸரை அணைக்க அது ஒன்றுதான் காவல்.

டிரையர்: கடைசியில்

டிரையருக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. ஆர்-12 காலத்து எக்ஸ்எச்-5 மணிகள் புதிய கேஸோடு ஒத்துப்போகாமல் சிதையக்கூடும். எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 உள்ள டிரையர் வேண்டும்.

எனக்கு இதைக் கற்பித்தது என் முதல் கார். பட்டறையில் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, டிரையர் பார்க்கப் புதிதாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் நன்றாகக் குளிர்ந்தது. பிறகு ஒருநாள் திண்டிவனம் தாண்டியதும் குளிர்ச்சி நின்றது. பிரித்தால் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சல்லடை முழுக்கப் பழுப்புப் பொடி. சில நூறு ரூபாய்ச் சாமானுக்காக வேலை முழுவதையும் திரும்பச் செய்தேன்.

டிரையரை மற்ற எல்லாம் பொருத்திய பிறகு, லீக் சோதனைக்குச் சற்று முன்தான் மூடியைக் கழற்றி மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் அரை மணி நேரம் திறந்து கிடந்தாலே அதன் உறிஞ்சும் வலு கரையத் தொடங்கும்.

லீக் சோதனையும் வேக்குவமும்

உலர்ந்த நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ. வரை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பார்ப்போம். முடிந்தால் ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் முள் அதே இடத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டயருக்கு அடிக்கும் காற்றைப் பயன்படுத்தக் கூடாது, அதில் ஈரம் உண்டு. ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்திலேயே விடாதீர்கள். அழுத்தத்தில் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

அடுத்து நைட்ரஜனை விட்டுவிட்டு வேக்குவம் பம்பு. காற்றை எடுப்பதோடு ஈரத்தையும் எடுப்பதுதான் இதன் நோக்கம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். 30 டிகிரியில் அதற்கு முள் 28.7 இஞ்சைத் தாண்ட வேண்டும். 27இலேயே நின்றால் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் தண்ணீர் உள்ளேயே இருக்கும். கடல் மட்டத்தில் 29.9 இஞ்ச்தான் உச்சம். உதகை போல 2,240 மீட்டர் உயரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு முள் 23இன் பக்கத்திலேயே நின்றுவிடும். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு, பம்பில் குறையில்லை.

குறைந்தது 45 நிமிடம் ஓட்டி, வால்வை மூடி, பம்பை அணைத்து, இருபது நிமிடம் முள்ளைப் பாருங்கள். பத்து நிமிடம் போதும் என்று மெக்கானிக் அவசரப்பட்டால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து நேரத்தை நீட்டுங்கள்.

கேஸ் அடிப்பது

இப்போதுதான் கேஸ். சர்வீஸ் முனைகளில் ஆர்-134ஏ அடாப்டர்களை மாட்டுவோம். லோ சைடுக்கு 13, ஹை சைடுக்கு 16 மில்லிமீட்டர்; மாற்றி மாட்ட முடியாதபடி அளவிலேயே வேறுபாடு வைத்திருக்கிறார்கள்.

எடைபோட்டு நிரப்ப வேண்டும். பழைய லேபிளில் ஆர்-12 ஒரு கிலோ என்றிருந்தால் ஆர்-134ஏ 800 முதல் 900 கிராம் போதும். முதலில் 800 போடுவோம். இன்ஜின் ஓடும்போது சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, லோ சைடு வழியாக வாயுவாக மட்டும் விட வேண்டும். கவிழ்த்தால் திரவம் கம்ப்ரஸருக்குள் போய் வால்வை உடைக்கும். இன்ஜின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறக்கவே கூடாது. அந்த அழுத்தம் சிலிண்டருக்குத் திரும்பிப் பாயும்.

1,500 ஆர்.பி.எம்.மில், 35 டிகிரி வெயிலில், லோ சைடு 25 முதல் 40, ஹை சைடு 200 முதல் 250 பி.எஸ்.ஐ. இருந்தால் நல்லது. நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகி ஓட்டிப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வந்தால் வெற்றி. குளிர்ச்சி போதவில்லை என்று கூடுதலாகக் கேஸ் ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அளவு மீறினால் ஹை சைடு ஏறும், குளிர்ச்சி குறையும்.

ஜாக்கிரதை

மலிவான கேஸ் வேண்டாம். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலிச் சரக்கு 2011இல் கப்பல்களில் போகும் குளிர்சாதனக் கன்டெய்னர்களில் நுழைந்து, வெடித்து உயிர்களைப் பறித்திருக்கிறது. அலுமினியத்தோடு வினைபுரியும் பொருள் அது. நம் கண்டென்சரும் அலுமினியம்தான். சீல் உடையாத, தெரிந்த நிறுவனத்தின் கேனை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். எல்பிஜி கலந்தால் நன்றாகக் குளிரும் என்று சொல்கிறவரிடமிருந்து காரை உடனே எடுத்து வந்துவிடுங்கள். கூலிங் காயில் கசிந்தால் அந்த எரிவாயு நம் குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரும்.

கண்ணாடியும் கையுறையும் அணியாமல் கேஜைத் தொட வேண்டாம். கசியும் திரவம் விழியை உறைய வைக்கும்.

ஏசியே இல்லாத காராக இருந்தால்?

1,489 சிசி அம்பாசடருக்கும் 1,089 சிசி பத்மினிக்கும் புதிதாக ஏசி வைக்கலாம். ஆனால் செலவு இரட்டிப்பாகும், வரிசையும் மாறும். முதலில் மின்சாரம். புளோயர், ஃபேன், கிளட்ச் மூன்றும் சேர்ந்து 25 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய டைனமோ தாங்காது. 55 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டர் வேண்டும். அடுத்து, கம்ப்ரஸர் பிராக்கெட்டும் கூடுதல் புல்லியும் லேத்தில் செய்ய வேண்டும். பெல்ட் ஓடும் கோடு இம்மி பிசகினாலும் வாரம் ஒரு பெல்ட் அறுந்துபோகும். ஐட்லிங் உயர்த்தும் சாதனமும் தேவை. இல்லாவிட்டால் சிக்னலில் இன்ஜின் நின்றுவிடும். பத்மினியை ஏசியோடு மலைப்பாதையில் ஏற்றும்போது சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுங்கள். அந்தச் சிறிய இன்ஜினிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

இப்படி ஒரு காரில் ஃபயர்வால் துளைகளை அடைத்து, தரையிலும் கூரையிலும் வெப்பத் தடுப்பு ஷீட் ஒட்டினால், கம்ப்ரஸரை மாற்றாமலே சில டிகிரி குறையும். கம்பளத்தைத் தூக்கும் வேலை வரும்போதே இதையும் முடித்துவிடுவோம்.

முடித்த பிறகு

பானட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: ஆர்-134ஏ, எத்தனை கிராம், எந்த ஆயில், எத்தனை மில்லி, தேதி. அடுத்து காரைத் தொடும் மெக்கானிக்குக்கு இது தெரியாவிட்டால் நாம் கழுவியெடுத்த மினரல் ஆயிலைத் திரும்ப ஊற்றிவிடுவார்.

பெல்ட்டை முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். பதினைந்து நாள் கழித்து அதே நேரத்தில், அதே இடத்தில் கேஜ் மாட்டிப் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். மார்கழியிலும் வாரம் பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் ஆயில் படாமல் காய்ந்தால் அங்கிருந்துதான் அடுத்த லீக் தொடங்கும்.